ஒண்ணாம் நம்பர் வீட்டுக் கல்

ஒண்ணாம் நம்பர் வீட்டின் வெளிக்கதவுக்கு உள்ளே, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருக்கிறது. குழாய்க்கு மேலே சுவரில் ஒரு சோப்புப் பெட்டி. அந்த வீட்டுக்காரன் தபால் வாங்கினால் கை கழுவுவான். பால் பாக்கெட்டைத் தொட்டால் கழுவுவான். தெருவில் யாராவது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டால், அந்த ஆள் திரும்புவதற்குள் குழாயைத் திறந்துவிடுவான். நகத்துக்கு அடியில் விட்டுத் தேய்க்க அங்கே ஒரு பழைய பல் பிரஷ்ஷும் உண்டு.

நகர்க்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். "சாருக்கு எவ்வளவு சுத்தம் பாருங்க, இந்த வயசிலயும்" என்பார்கள். எனக்கு அதைப் பார்த்தால் குமட்டும். அந்தக் கை முழங்கை வரைக்கும் எங்கே முங்கிக் கிடந்தது என்று எனக்குத் தெரியும். மண்ணில் கிடந்ததற்காகக் குமட்டவில்லை. அதைக் கழுவிக் கழுவி அவன் இல்லையென்று ஆக்கப் பார்க்கிறானே, அதுதான்.

அவன் என் பெரியம்மா மகன். எனக்கு ஒரு வயது இளையவன். அவனுக்கு மூத்தவள் ஒரே அக்கா. அவளுக்குப் பின்னால் பிறந்து தங்கியது இவன் ஒருவன்தான். அதனால் அவள் இவனை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தாள். இப்போது நகரில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஒண்ணாம் நம்பர்' என்றால்தான் தெரியும். முதல் வீடு, முதல் கதவு எண், முதல் குடிமகன். அந்த முதலுக்குள் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்த இடத்தில் முன்பு ஒரு செங்கல் சூளை இருந்தது. சூளையை ஒட்டிக் கல் அறுக்கிற பத்துக் குடும்பங்கள் இருந்தன. கல் அறுப்பதென்றால் மண்ணை மிதித்து, அச்சில் அடித்து, பச்சைக்கல்லாகத் தட்டிக் கவிழ்ப்பது. கவிழ்த்த கல் கொஞ்சம் இறுகியதும் அதைப் பக்கவாட்டில் திருப்பி வரிசையாக நிறுத்தி வெயிலில் காயவைப்போம். நிறுத்தியபின் மேலே தெரியும் அந்த நீள விலாவில், ஒவ்வொரு வீட்டாரும் விரலால் ஓர் அடையாளம் அழுத்திவிடுவார்கள். யார் வீட்டுக் கல் எது என்று கலந்துபோகாமல் இருக்க. எங்கள் வீட்டுக்குக் கட்டைவிரல் ஒன்று. அடுத்த வீட்டுக்கு இரண்டு சுண்டுவிரல். என் பெரியப்பா வீட்டு அடையாளத்தை மட்டும் யாரும் வேண்டுமென்றே வைக்கவில்லை. அவருடைய வலது கையில் நடுவிரல் கிடையாது. சூளை பிரிக்கும்போது கல் சரிந்து நசுங்கி, வைத்தியசாலையில் எடுத்துவிட்டார்கள். அவர் கையை அப்படியே அழுத்தினால் ஒரு குழி, ஓர் இடைவெளி, அப்புறம் இரண்டு குழி. அதுவே அவர்கள் வீட்டு முத்திரை ஆகிவிட்டது.

பெரியப்பா வேகமாக அறுப்பார். அழுத்திக்கொண்டு போவது பிள்ளைகளின் வேலை. அக்காவும் இவனும் நடுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு வரிசை வரிசையாக அழுத்திக்கொண்டே போவார்கள். பத்து வயதில் ஆரம்பித்தவன் இருபத்திரண்டு வயது வரைக்கும் அழுத்தினான். எத்தனை ஆயிரம் கல் என்று கடவுளுக்குத்தான் தெரியும். சோறு தின்ன உட்கார்ந்தால்கூட அவன் நடுவிரல் மடங்கியே இருக்கும். "விரலை நீட்டிச் சாப்பிடுடா, சோத்துக்கும் முத்திரை போடப்போறியா" என்று பெரியம்மா கையில் தட்டுவாள்.

பிறகு முதலாளி ஒருவர் வந்து சூளையையும் சுற்றியிருந்த நிலத்தையும் வாங்கி மனைபோட்டார். கடைசியாக ஒரு சூளை எரித்து, அந்தக் கல்லிலேயே முதல் வரிசை வீடுகளைக் கட்டினார். அந்தக் கல்லை அறுத்தவர்களும் நாங்கள்தான், தலையில் சுமந்து கொத்தனாருக்குக் கொடுத்தவர்களும் நாங்கள்தான். கட்டி முடித்ததும் எங்களைக் கிளம்பச் சொன்னார். அதைச் சொல்ல அவர் வரவில்லை. காவலுக்குச் சேர்த்துக்கொண்டிருந்த இவனை அனுப்பினார்.

அன்றைக்கு இவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கழுத்தில் ஒரு விசில். பத்து வீட்டுக்கும் போய், "ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிடணும், முதலாளி சொல்லிட்டாரு" என்றான். பத்தாவதாகத் தன் அப்பா வீட்டு வாசலில் வந்து நின்று அதே வாக்கியத்தை அதே குரலில் சொன்னான். பெரியப்பா குளித்துக்கொண்டிருந்தார். தலையில் ஊற்றப்போன சொம்பை இறக்காமல், "உங்கம்மாகிட்ட ஒருதரம் சொல்லிட்டுப் போ, அவளுக்குக் காது கேக்காது" என்றார். அவன் உள்ளே போய் அதையும் சொல்லிவிட்டுத்தான் போனான்.

நாங்கள் மண் தோண்டின பள்ளத்துக்கு அந்தப் பக்கம் போய்க் குடிசை போட்டுக்கொண்டோம். அதுதான் இன்றைக்குக் கடைசி வரிசை. இவனுக்கு முதலாளி ஒண்ணாம் நம்பர் வீட்டைக் கொடுத்தார், காவலுக்கு இருந்ததற்கும் விசில் ஊதினதற்கும் சேர்த்து. இரண்டு வருஷம் கழித்துப் பெரியப்பா செத்தார். கொள்ளிவைக்க இவன் வந்தான், வாசனை பூசிய கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு. கொள்ளியை வாங்கும்போது அதே கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டான். அக்கா அதைப் பார்த்தாள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டதுதான் தப்போ என்னமோ.

நகர் வளர்ந்த கதை நகர்க்காரர்கள் பின்னால் அச்சடித்த புத்தகத்தில் விலாவாரியாக இருக்கிறது. முதல் வரிசைக்கு ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் வந்தார்கள். அவர்கள் மோசமில்லை. பள்ளத்தைத் தாண்டி வந்து முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு போவார்கள். இரண்டாவது கட்டத்தில் பெரிய வீடுகள் எழும்பின. ஒவ்வொரு வாசலிலும் நாய் ஜாக்கிரதைப் பலகை. மூன்றாவது கட்டத்தில் அடுக்குமாடி, கண்காணிப்புக் கேமரா, நடைபாதை, பூங்கா, பூங்காவுக்குள் என்னென்ன செய்யக்கூடாது என்று பன்னிரண்டு வரியில் ஒரு பலகை. கடைசி வரிசைப் பெண்கள்தான் அந்த வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார்கள், தரை துடைக்கிறார்கள். கழிப்பறை கழுவுகிறவர்களுக்கு அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி கிடையாது. இதைச் சொன்னால், "அப்படியா, கவனிக்கவே இல்லையே" என்று முகத்தை வைத்துக்கொள்வார்கள். பதினைந்து வருஷமாக ஒருத்தி தன் வீட்டில் ஒன்பது மணிநேரம் அடக்கிக்கொண்டு வேலை செய்வதைக் கவனிக்காத கண்ணுக்கு எதற்கு அவ்வளவு கேமரா என்று தெரியவில்லை.

அந்தப் பள்ளத்தையும் சொல்லவேண்டும். முந்நூறு வீட்டுக் கழிவும் குழாய் வழியாக அதில்தான் வந்து விழுகிறது. அந்தப் பள்ளத்து மண்ணை எடுத்துத்தான் அவர்கள் சுவர் எழும்பியது. இப்போது எடுத்த மண்ணுக்குப் பதிலாகத் தங்கள் வயிற்றிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வெயில் நாளில் அதன்மேல் பச்சையாக ஓர் ஏடு படரும். மழை நாளில் அந்த ஏடு கிழிந்து எங்கள் வாசலுக்கு வரும்.

இவ்வளவுக்கும் நடுவில் எங்களுக்கு இருந்தது ஒரே வழி. கடைசி வரிசையிலிருந்து புறப்பட்டு ஒண்ணாம் நம்பர் வீட்டை ஒட்டிப் பெரிய ரோட்டுக்குப் போகும் பழைய சூளைப் பாதை. லாரி வந்து போன பாதை என்பதால் அகலமானது. நகருக்கு ஐம்பது வருஷம் நிறைகிறது என்று குடியிருப்போர் சங்கத்தில் கூட்டம் போட்டபோது இரண்டு தீர்மானம் போட்டார்கள். ஒன்று, நகரின் வரலாறும் மக்கள் விவரமும் அடங்கிய மலர் ஒன்று வெளியிடுவது. இன்னொன்று, பாதுகாப்புக் கருதி அந்தப் பாதையின் குறுக்கே ஒன்பதடிச் சுவர் கட்டுவது.

சுவர் வந்துவிட்டால் எங்களுக்குப் பள்ளத்துக் கரைதான் கதி. ஓர் ஆள் நடக்கிற வரப்பு. அக்காவின் மகனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் பண்ண ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். அந்த வரப்பில் ஆட்டோ வராது. திரும்பிவரும்போது அவனால் நிற்கக்கூட முடியாது, தோளில் சாய்த்துத்தான் இறக்குவோம். சுவர் எழும்பினால் அவன் எத்தனை வாரம் தாங்குவான் என்று அக்கா வாய்விட்டுச் சொன்னதில்லை.

நானும் அக்காவும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். அங்கே ஓர் அதிகாரியம்மா. மேசையில் மருந்துப் பட்டையும் வெந்நீர்க் குடுவையும் வைத்துக்கொண்டு, சளியோடு உட்கார்ந்திருந்தார். பொறுமையாகக் கேட்டார்.

"பாதை நகருக்கு முன்னாடியே இருந்துச்சுன்னா சுவர் கட்ட முடியாதும்மா. ஆனா அதுக்கு ஆதாரம் வேணும்" என்றார்.

"நாங்களே ஆதாரம்தாம்மா. உசிரோட முன்னாடி நிக்கிறோமே" என்றாள் அக்கா.

"உங்களை எல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டவங்கன்னு சங்கத்துல எழுதிக் குடுத்திருக்காங்க. அவங்க ஒரு வரலாறு போடுறாங்கல்ல, அதுல இங்க சூளை இருந்துச்சு, ஆளுங்க இருந்தாங்கன்னு ஒரு வரி வந்தாப் போதும். அவங்க வாயாலயே சொன்ன மாதிரி ஆயிடும். நான் அதை வெச்சே நிறுத்திடுவேன்."

வெளியே வந்ததும் அக்காவின் முகத்தில் சிரிப்பு. "அட, வரலாறு எழுத யாரைக் கேப்பாங்க? அவனைத்தானே கேப்பாங்க. என் தம்பியைத்தானே" என்றாள். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஒண்ணாம் நம்பர் வீட்டுக்குப் போனோம். வெளிக்கதவைத் திறந்தவன், "என்னக்கா, இந்த நேரத்துல" என்றான்.

"தம்பி வீட்டுக்கு வர நேரம் வேற பாக்கணுமா?"

உள்ளே கூப்பிடவில்லை. கார் நிறுத்துமிடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டான். அவன் மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள், காகிதக் குவளையில். கூடப் பிறந்தவளுக்குக் காகிதக் குவளை. அக்கா அதை வாங்கிக் காலடியில் வைத்தாள்.

"மலர் போடுறாங்களாமே. நீதான் சொல்லச் சொல்ல எழுதுறாங்களாம்."

"நான்தானே முதல்ல வந்தவன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ எங்கடா வந்தே? நாங்க போனோம், நீ நின்னுக்கிட்டே."

அவன் வீட்டுக்குள்ளே எட்டிப்பார்த்தான். "மெதுவாப் பேசுக்கா."

"மெதுவாவே கேக்குறேன். ஒரு வரி. இங்க சூளை இருந்துச்சு, பத்து வீடு இருந்துச்சு, இந்த வழியாத்தான் போய்வந்தாங்க. அவ்வளவுதான். உன் மருமகனுக்காகக் கேக்குறேன். நீ அவனுக்குத் தாய்மாமன். தூக்கிவெச்சுக் காது குத்தின மடி இது" என்று அவன் தொடையைத் தொட்டாள்.

அவன் தொடையை நகர்த்திக்கொண்டான். "அதை எழுதினா அப்புறம் நான் யாருன்னு கேப்பாங்க."

"சரி, யாரு நீ?"

"இங்க எல்லார்கிட்டயும் மேற்பார்வை அதிகாரியா இருந்தேன்னு சொல்லியிருக்கேன். சம்பந்தி வீட்டுலயும் அப்படித்தான் தெரியும்."

"மேற்பார்வை பாக்குறவனுக்கு அப்பன் இருக்கக் கூடாதா?"

"கல்லறுக்குற அப்பன் வேணாம்க்கா."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு இட்லி போதும் என்று சொல்கிற மாதிரி சொன்னான். அக்கா எழுந்தாள். நாங்கள் வெளிக்கதவைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது, அவள் குடிக்காமல் வைத்த குவளையை இரண்டு விரலால் நுனியில் பிடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டான். அப்புறம் குழாயைத் திறந்தான்.

மலருக்காகச் சங்கத்தில் வீடு வீடாக விவரம் எடுத்தார்கள். எத்தனை மருத்துவர், எத்தனை பொறியாளர், எத்தனை பேரின் பிள்ளைகள் வெளிநாட்டில், எத்தனை கார், எத்தனை நாய். நாயின் சாதியைக்கூட எழுதிக்கொண்டார்கள். கடைசி வரிசைக்கு யாரும் வரவில்லை. நாங்கள் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை போலிருக்கிறது.

ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒண்ணாம் நம்பர் வீட்டு முகப்பில் ஒரு சலவைக்கல் பதிக்க ஏற்பாடானது. 'வெற்றுப் பொட்டலாய்க் கிடந்த நிலத்தில் எழுந்த முதல் இல்லம்' என்று தங்க எழுத்தில் வெட்டியிருந்தார்கள். கொத்தனார் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தார். சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கிக்காரர், கழுத்தில் கேமராவோடு நின்றார். அக்கா கடைசியாக ஒருதடவை கேட்டுப் பார்க்கலாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அதனால் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

பூச்சு உதிர்ந்ததும் உள்ளே செங்கல் தெரிந்தது. கொத்தனார் கையை நிறுத்தினார்.

"சார், இது என்ன, கல்லுல விரல் அச்சு இருக்கு? வரிசையா எல்லாக் கல்லுலயும் இருக்கு" என்றார்.

ஒரு குழி, ஓர் இடைவெளி, இரண்டு குழி. ஒரு குழி, ஓர் இடைவெளி, இரண்டு குழி. ஐம்பது வருஷம் பூச்சுக்குள் இருந்தும் நேற்று அழுத்தின மாதிரி இருந்தது. அக்கா பக்கத்தில் போனாள்.

செயலாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் இவனைப் பார்த்தார். "இது என்ன சார்?"

"தெரியல சார். எங்கிருந்தோ வாங்கின கல்" என்றான் இவன்.

செயலாளர் முட்டாள் இல்லை. அக்கா நின்ற இடத்தையும் இவன் நின்ற இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. புரிந்ததும் அவர் செய்த காரியம், கேமராவைத் தூக்கியதுதான். "சரி சரி, வேலை நடக்கும்போது ஒரு படம் இருக்கட்டும். சார், சுவர்மேல கையை வைங்க. சிரிங்க" என்றார். இவன் சிரித்தான். படம் எடுத்தபின், "சீக்கிரம் மூடுப்பா, விழா நெருங்குது" என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் சிரித்தார்கள். இவனுடைய பொய்யாவது பயத்தில் வந்த பொய். அவருடையது சாப்பிட்டு ஏப்பம் விட்டவனின் பொய்.

ஆணி இறங்க இடம் வேண்டுமென்று கொத்தனார் ஒரு கல்லை முழுசாகப் பெயர்த்துக் குப்பையில் போட்டிருந்தார். அக்கா குனிந்து அதை எடுத்து முந்தானையில் துடைத்தாள். "இதை எடுத்துக்கிறேன்ப்பா."

"எடுத்துக்கம்மா, எப்படியும் பள்ளத்துலதான் கொட்டப்போறேன்."

விழா முடிந்து மலர் கைக்கு வந்தது. வழவழவென்று கனமான தாள். முதல் வரியே, 'மனித நடமாட்டமற்ற பொட்டல்' என்று ஆரம்பித்தது. அடுத்த பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு இவன் படம், சுவரில் கை வைத்தபடி, பல் தெரிய. அவசரத்தில் யாரும் படத்தை உற்றுப் பார்க்கவில்லை. இவன் கைக்குப் பக்கத்தில், கொத்திய இடத்தில், எட்டுக் கல்லில் பெரியப்பா வீட்டு முத்திரை அவ்வளவு துல்லியமாக விழுந்திருந்தது. மனிதரே இல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, மனிதக் கையை அடுத்த பக்கத்தில் கலரில் அச்சடித்து வீட்டுக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்திருந்தார்கள்.

பாத்திரம் தேய்க்கும் வீட்டிலிருந்து ஒருத்தி கொண்டுவந்த பிரதி அது. அக்கா அதையும் கல்லையும் பையில் போட்டுக்கொண்டு அதிகாரியம்மாவிடம் போனாள். நானும் போனேன். அதிகாரியம்மா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், படத்தோடு ஒத்துப் பார்த்தார்.

"கை அச்சு சரிதான். இது உங்க அப்பா வீட்டு முத்திரைதான்னும், இந்த இடத்துச் சூளைக் கல்லுதான்னும் யாராவது சொல்லணுமே. நீங்க சொன்னா வழக்குக்காரங்களே சொல்றதா ஆயிடும்."

"அவன் சொல்லணும்" என்றாள் அக்கா.

"கூப்பிடுறேன்" என்று அதிகாரியம்மா ஒரு தாள் எழுதினார்.

விசாரணை நாளன்று இவன் வெள்ளைச் சட்டையில் வந்தான், செயலாளரோடு. நாற்காலியில் உட்காருமுன் கைக்குட்டையால் அதைத் துடைத்தான். அதிகாரியம்மா நேராகக் கேட்டார். இங்கே சூளை இருந்ததா? தெரியாது. இந்த அம்மா யார்? தெரிஞ்சவங்க. அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அந்த 'தெரிஞ்சவங்க'வைக் கேட்டதும் பிடி இறுகியது. என் வாய்க்குள் பித்தம் ஏறி வந்த மாதிரி கசந்தது. அத்தனை பேர் முன்னால் துப்ப முடியாமல் விழுங்கினேன்.

"சரி, இதையாவது பாருங்க" என்று அதிகாரியம்மா மேசைமேல் இருந்த கல்லை எடுத்து அவனிடம் நீட்டினார்.

கல் கனமானது. நீட்டிய அதிகாரியம்மாவின் கை தாழ்ந்தது. விழுந்துவிடும் என்று இவன் இடது கையை அடியில் கொடுத்துத் தாங்கினான். வலது கை தானாக மேலே வந்தது. வந்த வேகத்தில் நடுவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியது. மற்ற மூன்று விரலும் மூன்று குழியில் போய் உட்கார்ந்தன. செருப்புக்குள் கால் போகிற மாதிரி போயின. அவன் நினைத்துச் செய்யவில்லை. ஐம்பது வருஷம் சோப்புப் போட்டும் போகாதது அது.

அவனே தன் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். விரலை எடுக்கத் தோன்றவில்லை.

அதிகாரியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டார். "நடுவிரலை ஏன் மடக்குனீங்க?"

அவன் கல்லை மேசைமேல் வைத்தான்.

"சொல்லுங்க. எந்தச் சூளை?"

"அந்தப் பள்ளத்துக்கு மேல இருந்துச்சு" என்றான் தரையைப் பார்த்து.

"ஆளுங்க?"

"பத்து வீடு."

"வழி?"

"இதே வழிதான். லாரி வரும்."

அதிகாரியம்மா எழுதிக்கொண்டார். சுவருக்குத் தடை என்று அன்றைக்கே முத்திரை வைத்துக் கொடுத்தார். அக்கா அழவில்லை. மறுநாள் மகனைக் கூட்டிப்போக ஆட்டோக்காரரிடம் எத்தனை மணிக்குச் சொல்லலாம் என்று என்னைக் கேட்டாள்.

வெளியே வராந்தாவில் செயலாளர் இவன் தோளில் கை போட்டு, "முன்னாடியே சொல்லியிருந்தா அட்டையிலயே போட்டிருப்போமே சார். எவ்வளவு நல்ல விஷயம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வெட்கமில்லாத்தனத்தைக் கேட்டு எனக்குக் காது கூசியது. இவன் அலுவலகக் குழாயைத் திறந்தான். அங்கே சோப்பு இல்லை. வெறும் தண்ணீரில் தேய்த்துக்கொண்டே நின்றான்.

நகர்க்காரர்களை லேசாக எடைபோடக் கூடாது. ஆறு மாதத்தில் நுழைவாயிலுக்குச் 'சூளை வாசல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பூங்காச் சுவரில் கல் அறுக்கிறவர்களின் படம் வரைந்தார்கள். எல்லோரும் சலவை செய்த உடுப்பில், ஒரு துளி மண் படாமல், பல் தெரியச் சிரிக்கிறார்கள். அடுக்குமாடி விற்கிற விளம்பரத்தில் 'செங்கல் பாரம்பரியம் மிக்க நகர்' என்று போட்டார்கள். பள்ளத்தில் விழுகிற குழாயை மட்டும் யாரும் தொடவில்லை. அந்தப் பாரம்பரியம் அதுபாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கிறது.

அப்போதுதான் ஒரு நாள் மத்தியானம் இவன் கடைசி வரிசைக்கு வந்தான். பெரியப்பா செத்த பிறகு முதல் தடவை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் நின்றான். அக்கா அடுப்பில் மகனுக்கு உப்பில்லாக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, அந்தக் கல்லைக் குடு."

"எதுக்கு?"

"சங்கத்துல கண்ணாடிப் பெட்டி செஞ்சிருக்காங்க. அதுல வைக்கணுமாம். கீழ என் பேரு போடுறாங்க."

"அப்பா பேரு?"

அவன் காலை மாற்றி நின்றான். "அது அப்புறம் பாத்துக்கலாம்."

அக்கா கரண்டியால் அடுப்பைக் காட்டினாள். அடுப்பின் ஒரு பக்கம் சரிந்திருந்ததால் அந்தக் கல்லைத்தான் முட்டுக் கொடுத்திருந்தாள். மூன்று குழியிலும் கரி படிந்திருந்தது.

"இப்ப சூடா இருக்கு. கஞ்சி இறக்கினதும் ஆறிடும். உக்காரு" என்றாள்.

அவன் உட்கார இடம் பார்த்தான். அங்கே இருந்தது மண் தரை, அதன்மேல் ஒரு பாய், பாயின் ஓரத்தில் படுத்திருந்த அவன் மருமகன். மருமகன் கண்ணைத் திறந்து, "வாங்க மாமா" என்று பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். இவன் அந்த இடத்தைப் பார்த்தான், உட்காரவில்லை. கஞ்சி கொதிக்க ஆரம்பித்தது. பள்ளத்திலிருந்து காற்று திரும்பியது. கைக்குட்டையை இன்னும் அழுத்திக்கொண்டான்.

அக்கா கஞ்சியை இறக்கிவிட்டுத் திரும்பியபோது வாசல் காலியாக இருந்தது. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். தெருமுனைப் பொதுக்குழாயில் குனிந்து நின்று கை கழுவிக்கொண்டிருந்தான். அக்கா வீட்டில் அவன் எதையும் தொடவே இல்லை.